நடுவீட்டில் யார் படம்?

தோழர் ஒருவர் வீடு கட்டிக் குடிபோனார். இருபது வருசமாகக் கூட நின்றவர். அரசு ஊழியர். கடன் வாங்கி, வீட்டிலிருந்த நகையை விற்று, மூன்று சென்டில் தளம் போட்ட வீடு. எல்லோரும் போயிருந்தோம். ஹாலில் ஏழு வெள்ளைக் குதிரைகள் ஓடுகிற படம். வாஸ்துவுக்கு நல்லதாம். டி.வி.க்கு மேலே வயிற்றைத் தள்ளிக்கொண்டு சிரிக்கிற சீன பொம்மை. எதிர்ச் சுவரில் தங்கத்தாள் ஒட்டிய தஞ்சாவூர் கிருஷ்ணன், கண்ணாடிச் சட்டத்துக்குள். தோழரின் அப்பா நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் சுவராகப் பார்த்தபடி வந்தார். கடைசியில் சத்தமாகவே கேட்டுவிட்டார்: "அவரு எங்கடா?"

அவர் இருந்தார். படுக்கையறையில், பீரோவுக்குப் பக்கத்தில், கதவைத் திறந்தால் கதவே மறைத்துவிடுகிற இடத்தில்.

தோழரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. எழுதுகிற கையும் சுத்தமில்லை. வேலை மாறுதலாகிப் போன ஊரில் பெரும்பாடு பட்டு ஒரு வாடகை வீடு பிடித்தேன். மாதம் பிறந்து வீட்டுக்காரர் வாடகை வாங்க வருகிறார் என்றதும் அம்பேத்கர் படத்தை அதே ஆணியில் திருப்பி மாட்டினேன். அவர் காபி குடித்துவிட்டுப் போகிறவரை படத்தின் பின்னட்டைதான் எங்கள் சுவரில் தொங்கியது. "அப்பா, தாத்தா ஏன் செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு?" என்று கேட்டாள் மகள். பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தத் தலையங்கம்.

நிலம், கூலி, கொலை வழக்கு, இடஒதுக்கீடு என்று ஆயிரம் கிடக்கும்போது படம் மாட்டுவது ஒரு பிரச்சினையா என்று சில தோழர்கள் கேட்பார்கள். ஓவியம் வாங்குவது பணக்காரன் பொழுதுபோக்கு என்பார்கள். வாடகைக்கு வீடு தேடி அலைந்த நம்ம ஆள் எவனையும் கேளுங்கள். சுவரில் இருக்கிற ஒரு படம் சாதிச் சான்றிதழைவிட வேகமாக வேலை செய்யும் என்று சொல்வான். அவர்களுக்கு அது தெரியும். நமக்குத்தான் படம் என்றால் அலங்காரம் என்கிற நினைப்பு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். எந்தச் சுவரும் காலியாக இருப்பதில்லை. நாம் தேர்ந்தெடுக்காவிட்டால் நகைக்கடைக்காரன் தேர்ந்தெடுப்பான், ஜவுளிக்கடைக்காரன் தேர்ந்தெடுப்பான். தை பிறந்ததும் ஒரு காலண்டர் சுருட்டிக் கையில் கொடுப்பான். வருசம் பூராவும் அவன் கொடுத்த முகத்தில்தான் விழிக்கிறோம்.

அந்த முகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அரண்மனைகளுக்கு வரைந்துகொண்டிருந்த ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். எந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் வண்ண அச்சில் ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். பிறகு நம் பக்கத்தில் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் வரைந்தார்கள், சிவகாசி அச்சடித்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் போனது 1939 ஜூலை 8-இல்தான். அச்சுப் படமான சாமியோ அதற்கு வெகுகாலம் முன்பே காசு கொடுத்தால் யார் வீட்டுக்கும் வரக்கூடிய சரக்காகியிருந்தது. கோயிலுக்குள் நம்மை விடாத சாமி காகிதத்தில் சேரிக்குள் வந்தது. இதை விடுதலை என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒரு பங்கு உண்மையும் அதில் இருக்கிறது.

ஆனால் சாமி தனியாக வரவில்லை. தன் நிறத்தையும் உடம்பையும் கூட்டிக்கொண்டு வந்தது. சாமிக்கு ரோஸ் நிறம். காலடியில் மிதிபடுகிற அரக்கனுக்குக் கறுப்பு, கோரைப்பல், சுருட்டை முடி. என் பாட்டி காலண்டர் லட்சுமிக்குச் சூடம் காட்டிவிட்டுத் திரும்பி, தன்னை மாதிரியே கறுப்பாகப் பிறந்த பேத்தியைப் பார்த்து "லட்சணமில்லாமப் போச்சே" என்பாள். இதுதான் காலண்டரின் அழகியல். நம் கண்ணை வைத்தே நம்மை இழிவாகப் பார்க்கச் செய்கிற வேலை. நம்ம சாமிகளையும் அது விடவில்லை. சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் என்று கதைப்பாடல் சொல்கிற மதுரைவீரனை இன்று கடையில் கேட்டால் என்ன தருகிறான்? சிவந்த மேனி, முறுக்கு மீசை, பட்டு உடுப்பு, வெள்ளைக் குதிரை. ஒரு குட்டி ராஜா. நம் வீரனின் முகத்தைக்கூட அடுத்தவன் வரைந்து நமக்கே விற்றிருக்கிறான்.

நம் முகங்களை அவர்கள் படம் பிடிக்காமல் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909-இல் ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் படங்கள் உண்டு. அந்த மனிதர்கள் அங்கே இன்ன சாதி ஆண், இன்ன சாதிப் பெண் என்கிற மாதிரிகளாக நிற்கிறார்கள். ராஜாவுக்கும் ஜமீனுக்கும் பெயர் போட்ட எண்ணெய் ஓவியம். நமக்குச் சாதி போட்ட மாதிரிப் படம். நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேருக்குப் படம் இருக்கிறது? பலருக்கு ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் இருந்ததுதான். செத்த பிறகு அதைப் பெரிசாக்கிக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட்டோம், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வைத்துத்தான் அம்பேத்கர் படத்தைப் பார்க்க வேண்டும். நீலக் கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். நாமாகத் தேர்ந்தெடுத்து, நாமாகக் காசு கொடுத்து வாங்கி, நாமாக ஆணி அடித்து மாட்டிய முதல் படம் அது. நாடாளுமன்ற வளாகத்தில் அவர் சிலை வந்தது 1967-இல். மைய மண்டபத்தில் அவர் படம் ஏறியது 1990-இல், அவர் மறைந்து 34 வருசம் கழித்து. அதற்கெல்லாம் காத்திருக்காமல் குடிசைகள் அவரை மாட்டிக்கொண்டன. டிசம்பர் 6-இல் தாதர் சைத்யபூமிக்கும், தம்ம நாளில் நாக்பூர் தீட்சாபூமிக்கும் போய்ப் பாருங்கள். கூலிக்காரச் சனம் புத்தகமும் படமும் வாங்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயிலேறுகிறது. கலை சேகரிப்பு என்றால் அதுதான். எந்தக் கேலரிக்காரனும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல.

அதனால்தான் அந்த உருவத்தின் மேல் அவ்வளவு ஆத்திரம். 1997 ஜூலை 11-இல் பம்பாய் ரமாபாய் நகரில் அவர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். தட்டிக்கேட்டுத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டதில் 10 பேர் செத்தார்கள். நம் ஊர்களில் அவருடைய சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். பாதுகாப்பாம். 2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றப் பதிவாளரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை போனது: நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு யார் படமும் சிலையும் கூடாது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இருக்கிற படங்களை அகற்றப்போவதில்லை என்று அரசு சொல்ல வேண்டி வந்தது. அரசியல் சட்டத்தை வரைந்தவர் படம் கோர்ட்டிலேயே கேள்விக்குள்ளாகிறது என்றால், வாடகை வீட்டு ஹாலில் அது என்ன பாடு படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு பெருமை பேசிவிட்டு ஒரு விமர்சனத்தையும் வைக்க வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் அவர் படத்துக்குக் குங்குமம் வைத்து, சீரியல் பல்பு சுற்றி, பண்டிகைக்குப் பண்டிகை ஊதுபத்தி காட்டுகிறோம். உருவ வழிபாட்டைச் சாடியவரை இன்னொரு காலண்டர் சாமியாக்கிவிட்டோம். ஒரே படத்தோடு நம் கண் நின்றுவிட்டது. அவருக்கு அக்கம்பக்கத்தில் சுவர் காலி. அந்தக் காலி இடத்துக்குள்தான் ஏழு குதிரையும் சிரிக்கிற பொம்மையும் ஓடி வருகின்றன.

அப்படியானால் என்ன மாட்டுவது? இதற்குப் பதில் பீகாரில் கொஞ்சம் கிடைக்கிறது. மதுபனி ஓவியம் என்று இன்று ஊரெல்லாம் விற்கிறார்களே, அது மிதிலைப் பகுதிப் பெண்கள் வீட்டுச் சுவரில் வரைந்தது. 1966-67 பஞ்சத்தின்போது அகில இந்தியக் கைவினை வாரியம் அவர்களுக்குக் காகிதம் கொடுத்து வரையச் சொன்னது. முதலில் பெயர் வாங்கியவர்கள் பார்ப்பன, காயஸ்தப் பெண்கள். ராமனும் சீதையும் கிருஷ்ணனும் காகிதத்தில் வந்தார்கள். ஜித்வார்பூர் கிராமத்தின் துசாத் சேரிப் பெண்கள் 1970-களில் தூரிகையைக் கையில் எடுத்தபோது அவர்களுக்கு ஒரு கேள்வி: நாம் எதை வரைவது? எரிகா மோசர் என்ற ஜெர்மன் ஆய்வாளர், உங்களிடம் இருப்பதையே வரையுங்கள் என்று ஊக்கம் கொடுத்தார். சானோ தேவி முதலான பெண்கள் தங்கள் உடம்பைப் பார்த்தார்கள். கையிலும் காலிலும் பச்சை குத்தியிருந்தார்கள். அந்தக் கோலம், அந்தப் புள்ளி, வரிசை வரிசையாய் நிற்கிற சின்ன உருவங்கள், எல்லாம் காகிதத்துக்கு வந்தன. சாணிக் கரைசலில் காகிதத்தைப் பழுப்பாக்கிக்கொண்டார்கள். தங்கள் குலவீரன் ராஜா சல்ஹேஷை நடுவில் நிறுத்தினார்கள். அதற்குப் பெயரே கோத்னா, பச்சை குத்து. பார்ப்பனப் பெண்ணின் சித்திரத்தைக் காப்பியடிக்கவில்லை. தன் தோலில் இருந்ததையே ஓவியமாக்கினார்கள்.

இதைப் படித்தபோது என் பாட்டியின் கை ஞாபகம் வந்தது. முழங்கைவரை பச்சை. தேர், தேள், புள்ளிக் கோலம், செத்துப்போன முதல் பிள்ளையின் பெயர். குறவர் இனப் பெண் தெருவுக்கு வரும்போது நெல் அளந்து கொடுத்துக் குத்திக்கொண்டதாம். லட்சுமியைக் கும்பிட்ட அதே கையில் அவ்வளவு பெரிய ஓவியம் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அதை ஒரு காகிதத்தில் பார்த்து வரைந்து வைக்கத் தோணவில்லை. பாட்டியோடு அதுவும் மண்ணுக்குள் போய்விட்டது. இன்னும் உங்கள் சேரியில் அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள் தோழர்களே. அவர்களிடம் கேட்டு, அனுமதி வாங்கி வரையுங்கள். வரைந்ததன் கீழே அவர்கள் பெயரை எழுதுங்கள். தர்ஸ்டன் எழுதாமல் விட்டது அது. முதல் படம் அங்கிருந்து தொடங்கட்டும்.

அடுத்தது நம் ஓவியர்கள். பெயர் தெரியாது என்று இனி சொல்ல முடியாது. நாக்பூரில் பிறந்த சவி சாவர்க்கர் (பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், அவர் வேறு) கழுத்தில் எச்சில் கலயமும் இடுப்பில் துடைப்பமுமாக நடத்தப்பட்ட தீண்டப்படாத மனிதனைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பாட்னாவின் மாளவிகா ராஜ் அதே மதுபனிக் கோட்டில் புத்தரையும் அம்பேத்கரையும் கொண்டுவந்தார். பம்பாய்த் துப்புரவுத் தொழிலாளர்களைப் புகைப்படமெடுத்தவர் சுதாரக் ஓல்வே. நம் பக்கத்தில் மலக்குழியில் இறக்கப்படுகிறவர்களின் வாழ்வையும் சாவையும் விடாமல் படமெடுப்பவர் பழனிக்குமார். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்கிற கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் அம்பேத்கர் வாழ்வைப் படக்கதையாக வரைந்து 2011-இல் 'பீமாயணா' வந்தது. அடுத்தவர் வீட்டில் வேலை செய்துகொண்டே வரையக் கற்றுக்கொண்ட மீனவச் சாதிப் பெண் துலாரி தேவியின் கதையைச் சென்னையின் தாரா பதிப்பகம் 2010-இல் அவருடைய படங்களோடு புத்தகமாகப் போட்டது. இவர்களில் யாராவது ஒருவர் நம் வீட்டில் இருக்கிறாரா?

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உங்கள் ஊரில் பேனர் எழுதிக்கொண்டிருந்த ஆர்ட்டிஸ்ட் என்ன ஆனார்? ஃபிளெக்ஸ் வந்ததும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். பெயின்ட் அடிக்கப் போகிறார், ஆட்டோ ஓட்டுகிறார். நாற்பதடி உயரத்துக்கு முகம் வரைந்த கை அது. ரேஷன் கார்டு படத்தை அவரிடம் கொடுத்து உங்கள் அம்மாவை வரைந்து தரச் சொல்லுங்கள். களையெடுக்கிற அம்மாவையோ, பீடி சுற்றுகிற அம்மாவையோ, சும்மா உட்கார்ந்து சிரிக்கிற அம்மாவையோ வரையட்டும். ரோஸ் பூசாமல் அவள் நிறத்திலேயே வரையச் சொல்லுங்கள்.

சும்மா சிரிக்கிற அம்மா என்பதை வேண்டுமென்றுதான் சொல்கிறேன். நம் சுவரில் சாவும் காயமும் மட்டும்தான் இருக்க வேண்டுமென்று சட்டமில்லை. வெண்மணியையும் மேலவளவையும் மறக்கக்கூடாது, சரி. ஆனால் பிள்ளை தினமும் எழுந்ததும் பிணத்தைப் பார்க்க வேண்டுமா? நாம் சிரித்திருக்கிறோம், ஆடியிருக்கிறோம், மாட்டுக்கறி சமைத்துக் கூடித் தின்றிருக்கிறோம். அதெல்லாம் நமக்குப் படமாகாதா? பெரிய மனிதர்கள் வீட்டு ஹாலில் இப்போது பறையும் முறமும் மண்குதிரையும் கலைப்பொருளாகத் தொங்குகின்றன. பறையை ஆணியில் மாட்டுகிறவன் அதை அடித்தவனுக்கு நாற்காலி போடுகிறானா என்று மட்டும் பாருங்கள். அவன் மாட்டுகிறான் என்பதற்காக நாமும் மாட்ட வேண்டாம். நம் வீட்டில் பறை இருந்தால் அது அடிக்கத் தயாராக இருக்கட்டும்.

காசுக்கு எங்கே போவது? லினோ, மரச்செதுக்கு மாதிரியான அச்சுப் படங்களைத் தேடுங்கள். ஓவியரே ஒரு பலகையைச் செதுக்கி, மை தடவிக் கையால் எடுக்கிற பிரதிகள் அவை. அடியில் பென்சிலால் 7/50 என்று போட்டிருந்தால் ஐம்பது பிரதியில் ஏழாவது என்று அர்த்தம். கையெழுத்தும் இருக்கும். ஒற்றை ஓவியத்தைவிட விலை வெகுவாகக் குறையும். நாலு தோழர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி மூன்று மாதத்துக்கு ஒரு வீடு என்று மாற்றிக்கொள்ளலாம். சோபா நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்காதீர்கள். பார்த்துவிட்டு வந்த பிறகும் பத்து நாள் மனசை விட்டுப் போகாத படத்தை வாங்குங்கள். மாட்டும்போது மழையில் ஓதம் ஏறுகிற சுவரும் வெயில் நேராக விழுகிற சுவரும் வேண்டாம். படத்தின் மேல் கண்ணாடி நேராக ஒட்டாமல் நடுவில் அட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள், ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். லேமினேட் செய்யாதீர்கள், செய்துவிட்டால் பிரிக்க முடியாது. பின்னால் யார் வரைந்தது, எந்த வருசம், எங்கே வாங்கியது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பழைய மாநாட்டு நோட்டீஸ், பௌத்த முறைத் திருமண அழைப்பிதழ், ஊர்வலப் புகைப்படம், கையால் எழுதிய தட்டி, இவற்றையும் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். நாளைக்கு நம் அருங்காட்சியகம் இந்த டிரங்குப் பெட்டிகளிலிருந்துதான் வர வேண்டும்.

ஓவியருக்குக் காசு கொடுங்கள். இதைச் சொல்ல இந்தப் பத்திரிகைக்கு யோக்கியதை இல்லை. "நம்ம தோழர்தானே" என்று சொல்லியே ஒவ்வொரு அட்டைக்கும் ஓசியில் வரைய வைத்திருக்கிறோம். அச்சுக்குக் கொடுத்த மூல ஓவியங்களைத் திருப்பி வாங்காமல் தொலைத்திருக்கிறோம். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்று தெரிந்தும் செய்தோம். வெட்டி வேலைதான் அது. அடுத்த இதழிலிருந்து அட்டைக்குச் சிறு தொகையாவது கொடுப்போம், மூலத்தை ஓவியர் கையில் திருப்பிக் கொடுப்போம். இன்னொன்றும் செய்யப் போகிறோம். அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் பத்திரிகை 25 சென்ட் விலை. அதன் கடைசிப் பக்கத்தை எமரி டக்ளஸ் வரைந்த சுவரொட்டியாகவே அச்சடித்தார்கள். கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். அந்தச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். இனி நம் நடுப்பக்கமும் நம் ஓவியர் ஒருவருக்கு. பின்பக்கம் எழுத்து இருக்காது. கழற்றி மாட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மகளின் கேள்வி. வீட்டுக்காரர் வரும்போது படத்தைத் திருப்பினேன் அல்லவா? காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்கிற பயம் அது. பயம் பொய்யில்லை. வாடகை வீட்டில் இருக்கிற எந்தத் தோழரையும் வீரம் காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொந்த வீடு கட்டிய பிறகும், கேட்க ஒரு நாதி இல்லாத இடத்திலும், அவரைக் கதவுக்குப் பின்னால் வைக்கிறோமே, அது வீட்டுக்காரன் பயமில்லை. வீட்டுக்காரன் நம் மண்டைக்குள் குடிவந்துவிட்டான். அவனைக் காலி செய்ய வேண்டும்.

போன மாதம் படத்தை நேராக மாட்டிவிட்டேன், ஹாலில். பக்கத்தில் ஒரு லினோ அச்சுப் படம், கூலி வாங்கி முந்தானையில் முடிகிற ஒரு பெண். இந்த மாத வாடகைக்கு வீட்டுக்காரர் வந்தார். இரண்டையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். அடுத்த மாதம் என்ன சொல்வார் என்று தெரியாது. மகள் மட்டும் கேட்டாள், "இந்தம்மா யாருப்பா?"

இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது.

ஜெய்பீம்.